காஞ்சிபுரத்தை அறிய உதவும் நூல்கள்

காஞ்சிபுரம் தமிழ்நாட்டின் பழமையான நகரங்களுள் ஒன்று. கோயில்களாலும் பட்டு நெசவாலும் இன்று அறியப்படும் இந்நகரைப் பற்றிச் சங்க காலம் முதல் இக்காலம் வரை பல வகை நூல்கள் தோன்றியுள்ளன. ஆற்றுப்படை, காப்பியம், நாடகம், பயணக் குறிப்பு, தலபுராணம், வரலாற்று ஆய்வு, புதினம், கட்டுரை, சமூகவியல் ஆய்வு ஆகியன அவற்றுள் அடங்கும். அவற்றுள் மாணவரும் பொது வாசகரும் படிக்கத்தக்க சிலவற்றை இக்கட்டுரை அறிமுகம் செய்கிறது. ஒவ்வொரு நூலும் எந்த வகையைச் சேர்ந்தது, அதிலிருந்து எதைப் பெறலாம், எதை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பனவும் கூறப்படுகின்றன.

பழந்தமிழ் நூல்கள்

பத்துப்பாட்டில் உள்ள பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளைக் கொண்டது. இதைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் காஞ்சியிலிருந்து ஆட்சி செய்த தொண்டைமான் இளந்திரையன். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன் வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்லும் அமைப்பில் இந்நூல் உள்ளது. எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் ஆகியோரின் குடியிருப்புகளும் ஒவ்வொரு வீட்டிலும் கிடைக்கும் உணவும் வழிநெடுகச் சொல்லப்படுகின்றன. அரண்மனையை அடையும் முன் தொண்டை நாட்டின் சாதாரண மக்களைப் பார்க்க வைப்பது இந்நூலின் சிறப்பு.

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலையின் கதை காஞ்சியில்தான் நிறைவடைகிறது. முப்பது காதைகளில் 28ஆவது காதையின் பெயர் கச்சி மாநகர் புக்க காதை என்பதாகும். மழை பொய்த்துப் பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு வரும் மணிமேகலை, அமுதசுரபியைக் கொண்டு மக்களின் பசியைப் போக்குகிறாள். அடுத்த இரு காதைகளில் அறவண அடிகளிடம் பௌத்த தருமத்தைக் கேட்டு நோன்பு மேற்கொள்கிறாள். தத்துவப் பகுதி கடினமானது. முதன்முறை படிக்கும் மாணவர்கள் 28ஆவது காதையை மட்டும் உரையுடன் படித்தால் போதும். உ. வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த பிறகே இக்காப்பியம் பரவலாகப் படிக்கப்பட்டது.

வடமொழி நூல்கள்

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் ஓர் அங்கத நாடகம். கதை நடக்கும் இடம் காஞ்சி நகரத் தெருக்கள். சத்தியசோமன் என்னும் காபாலிகனும் அவனுடைய துணைவி தேவசோமையும் குடிபோதையில் தங்கள் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். அதை எடுத்தவர் நாகசேனர் என்ற புத்தபிட்சு என்று சண்டை எழுகிறது. பாசுபதர் ஒருவர் நடுவராக வருகிறார். இறுதியில், நாய் கவ்விச் சென்ற கபாலம் பைத்தியக்காரன் ஒருவனிடமிருந்து கிடைக்கிறது. நீதிமன்றத்தில் பணம் கொடுத்துக் காரியம் சாதிக்கலாம் என்ற பேச்சும் நாடகத்தில் இடம்பெறுகிறது. நாட்டை ஆண்ட மன்னனே இதை எழுதினான் என்பது கருதத்தக்கது. நீண்டகாலம் அச்சேறாமல் இருந்த இந்நாடகம் 1917இல் திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் வெளிவந்தது. மயிலை சீனி. வேங்கடசாமி இதைத் தமிழில் தந்துள்ளார். ஒரே அமர்வில் படித்து முடிக்கலாம். பள்ளி விழாவில் நடிக்கவும் ஏற்றது.

தண்டி என்னும் வடமொழிப் புலவர் காஞ்சியின் பல்லவ அரசவையோடு தொடர்புடையவராகக் கருதப்படுகிறார். தமிழில் அணியிலக்கணம் கூறும் தண்டியலங்காரம் இவருடைய காவியாதர்சத்தைத் தழுவியது. இவர் எழுதிய தசகுமார சரிதம் என்ற உரைநடைக் கதைநூலில் காஞ்சி வணிகனின் மகன் சக்திகுமாரன் பெண் தேடிச் செல்லும் கதை ஒன்று உண்டு. கையில் ஒரு படி அளவு நெல்லை மட்டும் வைத்துக்கொண்டு, இதைக் கொண்டு முழுச் சாப்பாடு போட முடியுமா என்று ஊர் ஊராகக் கேட்கிறான். காவிரிக்கரைப் பெண் ஒருத்தி நெல்லைப் பக்குவமாகக் குற்றி, உமியை நகை மெருகிடும் பொற்கொல்லர்களுக்கு விற்கச் சொல்லி, அந்தக் காசில் விறகும் சட்டியும் வாங்குகிறாள். சமைத்த பின் அணைத்த கரியையும் விற்று நெய், தயிர், புளி முதலியன வாங்கி விருந்து படைக்கிறாள். சிக்கனமும் கணக்கும் கலந்த இக்கதையை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் ரசிப்பார்கள். பெண்ணை இப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது சரியா என்ற கேள்வியையும் அவர்களிடமே விட்டுவிடலாம்.

அயல்நாட்டார் குறிப்பு

ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், தம் பயண நூலில் திராவிட நாட்டையும் அதன் தலைநகரான காஞ்சியையும் விவரித்துள்ளார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக அவர் எழுதுகிறார். நாளந்தாவில் புகழ்பெற்ற தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சி என்றும் குறிப்பிடுகிறார். இன்றைய காஞ்சியை மட்டும் பார்த்தவர்க்கு இது வியப்பளிக்கும். மணிமேகலையின் இறுதிக் காதைகளையும் மத்தவிலாசத்தில் வரும் பிட்சுவையும் இக்குறிப்போடு சேர்த்துப் படித்தால், சைவம், வைணவம், பௌத்தம், சமணம் ஆகிய நான்கும் ஒரே நகரில் அருகருகே இருந்த காலம் விளங்கும். இது பற்றி மேலும் அறிய மயிலை சீனி. வேங்கடசாமியின் பௌத்தமும் தமிழும் (1940), சமணமும் தமிழும் (1954) ஆகிய நூல்கள் உதவும்.

புராணங்களும் சிற்றிலக்கியங்களும்

கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணம், காஞ்சி குமரகோட்டத்தில் அரங்கேறியது என்பது மரபு. ஆறு காண்டங்களும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட பெருநூல் இது. நகரின் தலங்களைப் பற்றிய காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டத்தை 18ஆம் நூற்றாண்டில் மாதவச் சிவஞான முனிவர் பாடினார். இரண்டாம் காண்டத்தைப் பாடியவர் அவருடைய மாணவர் கச்சியப்ப முனிவர். இவர் முன் சொன்ன கச்சியப்ப சிவாசாரியாரின் வேறானவர். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராக எழுதும் பிழை பல இடங்களில் காணப்படுகிறது.

இரட்டைப்புலவர் பாடிய ஏகாம்பரநாதர் உலா, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த பூண்டி அரங்கநாத முதலியார் பாடிய கச்சிக் கலம்பகம் ஆகியன காஞ்சியைப் பாடும் சிற்றிலக்கியங்களுள் குறிப்பிடத்தக்கவை.

தலபுராணம் ஒரு கோயிலின் மீது மக்கள் கொண்ட நம்பிக்கையைப் பதிவு செய்வது. கோயில் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்ற கேள்விக்கு அதில் விடை தேடக் கூடாது. அதற்குக் கல்வெட்டும் கட்டடக் கலையும் சான்றாகும்.

வரலாற்று ஆய்வு நூல்கள்

பல்லவர் வரலாறு முறையாக எழுதப்பட்டது 20ஆம் நூற்றாண்டில்தான். புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் பல்லவர் சின்னங்கள் குறித்து எழுதிய நூல்களும், ஆர். கோபாலன் 1928இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட காஞ்சிப் பல்லவர் வரலாறும் தொடக்ககால முயற்சிகள். தமிழில் மா. இராசமாணிக்கனாரின் பல்லவர் வரலாறும், மயிலை சீனி. வேங்கடசாமி மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், மூன்றாம் நந்திவர்மன் ஆகியோர் பற்றித் தனித்தனியே எழுதிய நூல்களும் மாணவர்களுக்குப் பயன்படுபவை. நடை எளிமையானது. செப்பேடு, கல்வெட்டு, இலக்கியம் ஆகிய மூவகைச் சான்றுகளும் ஆங்காங்கே காட்டப்பட்டிருக்கும்.

இத்துறையில் தனித்து நினைக்கத்தக்கவர் முனைவர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் இவர். பல்லவர் கால ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றிய இவருடைய ஆங்கில நூல் 1938இல் வெளிவந்தது. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சிற்பங்களை வரிசையாக ஆராய்ந்து இவர் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1941இல் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் இளம் வயதில் மறைந்துவிட்டார். அரசன் வாரிசின்றி இறந்தபின், தொலைவில் இருந்த உறவு வழியிலிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுவனை அழைத்துவந்து இரண்டாம் நந்திவர்மனாக முடிசூட்டிய செய்தி இச்சிற்பங்களிலும் அவற்றின் கீழுள்ள எழுத்துகளிலும் உள்ளது. இந்நூலைப் படித்துவிட்டு அக்கோயில் சுற்றில் நடந்தால், கல்லில் செதுக்கிய வரலாற்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது போலிருக்கும்.

அண்மைக் காலத்தில் டென்னிஸ் ஹட்சன் அதே கோயிலைப் பற்றி 2008இல் வெளிவந்த ஆங்கில நூலில் விரிவாக எழுதியுள்ளார். எம்மா நடால்யா ஸ்டைன் 2021இல் வெளியிட்ட நூல், கோயில்களும் தெருக்களும் சேர்ந்து காஞ்சி என்னும் நகரம் உருவான விதத்தை ஆராய்கிறது. இவ்விரண்டும் கல்லூரி மாணவர்களுக்கு உரியவை.

சிவகாமியின் சபதம்: புதினமும் சான்றும்

காஞ்சியைப் பற்றித் தமிழர் மிகுதியாகப் படித்த புதினம் கல்கியின் சிவகாமியின் சபதம். 1944 முதல் 1946 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவு என நான்கு பாகங்கள் கொண்டது. பல்லவர் மீது பல தலைமுறை மாணவர்களுக்கு ஆர்வத்தை ஊட்டியது இந்நூலே. அதே காரணத்தால் ஒரு குழப்பமும் உண்டாயிற்று. தேர்வு விடைத்தாள்களில் சிவகாமியையும் நாகநந்தியையும் வரலாற்று மாந்தராக எழுதும் மாணவர்களை வரலாற்று ஆசிரியர்கள் பலரும் அறிவர். எனவே எது சான்றுடையது, எது கற்பனை என்பதைப் பிரித்துக் காட்டுவது தேவையாகிறது.

சான்று உள்ளவை: சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டின் மீது படையெடுத்தான். பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குப் பின்னே ஒதுங்க நேர்ந்ததாகப் புலிகேசியின் ஐகொளேக் கல்வெட்டு பெருமையுடன் கூறுகிறது. பின்னர் முதலாம் நரசிம்மவர்மன் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசியை வென்றதைக் காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடு தெரிவிக்கிறது. 642ஆம் ஆண்டளவில் வாதாபி வீழ்ந்தது. நரசிம்மவர்மனின் கல்வெட்டு வாதாபியிலேயே உள்ளது. சிறுத்தொண்டராகிய பரஞ்சோதியார் வாதாபிப் போரில் பங்கேற்றதைப் பெரியபுராணம் சொல்கிறது.

கற்பனையானவை: ஆயனச் சிற்பி, அவர் மகள் சிவகாமி, அவளுக்கும் நரசிம்மவர்மனுக்கும் இடையிலான காதல், நாகநந்தி அடிகள், வாதாபியை எரித்தால்தான் திரும்புவேன் என்ற சபதம் ஆகியன. இவற்றுக்குக் கல்வெட்டிலோ செப்பேட்டிலோ இடமில்லை.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதால் புதினத்தின் மதிப்புக் குறைவதில்லை. போரில் வென்றவன் யார், எந்த ஊரில் வென்றான் என்பதைச் செப்பேடு சொல்லும். முற்றுகைக்கு உள்ளான நகரத்தில் இருப்பவரின் அச்சத்தையும், பகைவர் நாட்டில் சிறைப்பட்ட பெண்ணின் மனத்தையும் செப்பேடு சொல்லாது. அந்த இடத்தைப் புதினம் நிரப்புகிறது. முதலில் புதினத்தைப் படித்து, அடுத்து இராசமாணிக்கனாரின் நூலில் அதே காலப் பகுதியைப் படித்து, இரண்டையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரிப்பது நல்ல பயிற்சி.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கல்வெட்டும் வென்றவர் தரப்பிலேயே பேசும். ஐகொளேக் கல்வெட்டில் பல்லவன் தோற்றவன். கூரம் செப்பேட்டில் சாளுக்கியன் தோற்றவன். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கவராமல் கோயிலுக்கே திரும்ப அளித்ததாக அக்கோயில் தூணிலேயே கன்னடத்தில் கல்வெட்டு உள்ளது. அபுனைவு என்பதாலேயே ஒன்று முழு உண்மையாகிவிடாது. எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்று கேட்க வேண்டும்.

அண்ணாவின் எழுத்துகள்

தமிழக முதலமைச்சராக இருந்த சி. என். அண்ணாதுரை 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். 1942இல் திராவிட நாடு என்ற வார இதழைக் காஞ்சியில் தொடங்கினார். பின்னாளில் காஞ்சி என்ற பெயரிலேயே இதழ் நடத்தினார். தம்பிக்கு என்று விளித்து அவர் எழுதிய கடிதங்கள் அரசியல் கட்டுரை வகையில் தனி இடம் பெற்றவை.

புனைவில் ரங்கோன் ராதா, பார்வதி பி.ஏ. ஆகிய புதினங்களும் வேலைக்காரி, ஓர் இரவு, நீதிதேவன் மயக்கம் ஆகிய நாடகங்களும் பரவலாக அறியப்பட்டவை. அண்ணாவை முதன்முதலாகப் படிப்பவர்கள் செவ்வாழை என்ற சிறுகதையிலிருந்து தொடங்கலாம். ஏழை உழவன் தன் பிள்ளைகளுக்காக ஆசையாய் வளர்த்த செவ்வாழையின் குலை பண்ணையார் வீட்டுக்குப் போய்விடுகிறது. அந்தக் குழந்தைகளின் ஏமாற்றமே கதை. சில பக்கங்களில், பெரிய சொற்கள் இல்லாமல், உழைப்பவனுக்கும் உடைமையாளனுக்கும் உள்ள உறவு புரிந்துவிடுகிறது.

வீட்டிற்கோர் புத்தகசாலை என்பது அவர் ஆற்றிய வானொலி உரை. வீட்டில் பண்டங்களுக்கு இடம் ஒதுக்குவது போல் நூல்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நூல்களைப் பற்றிப் பேசும் இக்கட்டுரைக்கு அதுவே சிறந்த துணைப்பாடம்.

நெசவைப் பற்றிய நூல்கள்

மேலே கூறிய நூல்களில் பெரும்பாலானவை அரசரையும் கோயிலையும் பற்றியவை. நகரின் பெயரை உலகெங்கும் கொண்டுசேர்த்த நெசவாளர் அவற்றில் அரிதாகவே தோன்றுகின்றனர்.

காஞ்சிப் பட்டுக்கு 2005–06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்து ஒன்றாகக் கோக்கப்படும் கோர்வை முறை இதன் அடையாளம். இந்த வேலைக்குத் தறியில் நெசவாளருக்கு உதவியாக மற்றொருவரும் தேவை. பாவு தோய்ப்பது, சாயமிடுவது, இழை பிணைப்பது, தார் சுற்றுவது என்று ஒரு சேலைக்குப் பின்னே குடும்பமே உழைக்கிறது.

இவ்வுலகை ஆராயும் நூல்களுள் இரண்டைக் குறிப்பிடலாம். இவான் ஆர்ட்டர்பர்ன் 1982இல் வெளியிட்ட ஆங்கில நூல், காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியது. ஆர்த்தி காவ்லா 2018இல் வெளியிட்ட ஆங்கில நூல், பத்மசாலியர் சமூகத்தையும் காஞ்சிப் பட்டையும் ஆராய்கிறது. தாமரை நூலால் நெய்தவர்கள் நாங்கள் என்று பொருள்படும் அந்நூலின் தலைப்பு, அச்சமூகத்தாரின் தொன்மக் கதையிலிருந்து வந்தது.

தமிழ்ப் புனைவில் நெசவாளர் வாழ்வைப் படிக்க விரும்புவோர் வேறு ஊர்களுக்குச் செல்ல வேண்டும். தொ. மு. சி. ரகுநாதனின் பஞ்சும் பசியும் (1953) நெல்லை வட்டாரக் கைத்தறி நெசவாளர்களின் வறுமையையும் போராட்டத்தையும் கூறுகிறது. எம். வி. வெங்கட்ராமின் வேள்வித் தீ (1975) கும்பகோணத்துச் சௌராட்டிரப் பட்டு நெசவாளர் குடும்பத்தைக் களமாகக் கொண்டது. காஞ்சி நெசவாளனின் கதையைப் பேசிய பரவலாக அறியப்பட்ட படைப்பு ஒரு திரைப்படம். பிரியதர்சன் இயக்கிய காஞ்சிவரம் (2008) அது. மகளின் திருமணத்துக்குப் பட்டுச்சேலை தருவதாகச் சொன்ன நெசவாளனால் அந்தச் சொல்லைக் காப்பாற்ற இயலாமல் போவதே அதன் கரு.

தறியில் அமர்ந்தவரே தம் தொழிலைப் பற்றித் தமிழில் எழுதும் நூல்கள் பெருக வேண்டும். கோர்வை கோக்கும் முறையும், சாயத்தின் பக்குவமும், வடிவங்களின் பெயர்களும் வாய்மொழியாகவே கைமாறி வருபவை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகும்போது அந்தச் சொற்களும் வீட்டை விட்டு மறைகின்றன. காஞ்சிபுரம் மாணவர்கள் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கருவிகளின் பெயர்களையும் வேலையின் படிகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால் அதுவும் ஒரு நாள் நூலாகும்.

படிக்கும் வரிசை

நடுநிலைப் பள்ளி மாணவர்: தசகுமார சரிதத்தின் நெல் கதை, செவ்வாழை, மத்தவிலாசம்.

உயர்நிலை, மேல்நிலை மாணவர்: சிவகாமியின் சபதம், பல்லவர் வரலாறு, மணிமேகலையின் 28ஆவது காதை, பஞ்சும் பசியும்.

கல்லூரி மாணவர், பொது வாசகர்: பெரும்பாணாற்றுப்படை, மீனாட்சியின் ஆய்வுகள், தம்பிக்குக் கடிதங்கள், வேள்வித் தீ, ஆர்த்தி காவ்லாவின் நூல்.

புனைவு ஒன்று, அபுனைவு ஒன்று என்று மாற்றி மாற்றிப் படிப்பது நல்லது. முன்னது ஆர்வத்தைத் தூண்டும்; பின்னது அந்த ஆர்வத்துக்குச் சான்று தரும்.

நூல்கள் கிடைக்கும் இடங்கள்

பழந்தமிழ் நூல்களின் மூலங்களையும் சிவகாமியின் சபதத்தையும் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளில் கட்டணமின்றிப் படிக்கலாம். கல்கி, அண்ணா, மயிலை சீனி. வேங்கடசாமி ஆகியோரின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உரைநூல்களும் பழைய பதிப்புகளும் உள்ளன.

அச்சு நூல்களுக்கு அரசுப் பொது நூலகமே முதல் இடம். இந்தியா விடுதலை பெற்றபின் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமாகும். அச்சட்டப்படி வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. ஆகவே நூலகத்தில் உறுப்பினராகாத குடும்பமும் அந்த நூல்களுக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே சென்று எடுத்துப் படிப்பது மட்டுமே மிச்சம்.